செனட்டர், மேலவை, மூதவை: எதை அச்சடிப்பது?

பேனர் கடை வைத்திருப்பவனுக்கு ‘செனட்டர்’ என்ற சொல் அடிக்கடி கையில் வந்து விழும். இங்கே மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் கோயில் திருவிழாவோ தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியோ, சிறப்பு வருகைக்கு ஒரு செனட்டர் கிடைத்துவிடுவார். போன மாதம் ஒரு பள்ளிப் பேனரை அடித்து முடித்த பிறகு தலைமையாசிரியர் போன் போட்டு, “தம்பி, நல்ல தமிழில் மேலவை உறுப்பினர்னு மாத்திடுங்க” என்றார். மாற்றினேன். அதை எடுத்துப்போக வந்த பெற்றோர் சங்கத்து அக்கா நின்று படித்துவிட்டு, “மேலவைன்னா, நாம ஓட்டுப் போட்ட ஒய்பிக்கும் மேலயா?” என்று கேட்டார். ஒய்பி என்றால் இங்கே மக்கள் பிரதிநிதி.

இல்லை அக்கா. அந்த ‘மேல்’ வெறும் பெயரில் இருக்கிற மேல்.

செனட் என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் ‘செனெக்ஸ்’, முதியவர். சீனியர் என்று சொல்கிறோமே, அதற்கும் அதுதான் வேர். பண்டைய ரோமில் குலத்து மூத்தவர்கள் கூடிய அவை செனட். அப்படிப் பார்த்தால் நேர்த் தமிழ் ‘மூதவை’: முதுமை + அவை, மூதூர், மூதாட்டி மாதிரி. இலங்கைத் தமிழில் பல்கலைக்கழக செனட்டை இன்றும் மூதவை என்றுதான் எழுதுகிறார்கள். நமக்கு வாய்த்த ‘மேலவை’ ஆங்கிலேயர் தங்கள் இரண்டு சபைகளையும் மேல், கீழ் என்று சொன்னதன் தமிழாக்கம்.

மலாய்ப் பெயரில்தான் சுவாரசியம். மேலவைக்கு மலாயில் டேவான் நெகாரா என்று பெயர். அதில் வரும் ‘டேவான்’ பாரசீகச் சொல், நம் சமஸ்தானத்துத் திவானும் அதே சொல்தான். ‘நெகாரா’ சமஸ்கிருத நகரம், மலாய்க்குப் போய் நாடாகிவிட்டது. மக்களவையான டேவான் ராக்யாட்டின் ‘ராக்யாட்’ அரபியிலிருந்து வந்தது. பள்ளியில் படித்த ரயத்துவாரி நிலவரி முறையின் ரயத்தும், அதாவது குடியானவரும், அதன் உடன்பிறப்பு. நாம் புரியாத மலாய் என்று நினைத்துக்கொண்டிருப்பது பாதி நம் தாத்தா காலத்துப் பத்திரத்தில் இருந்த சொற்கள்.

சரி, ஆள் எப்படி வருகிறார்? மேலவையில் 70 இடம். 13 மாநிலச் சட்டமன்றங்கள் தலா 2 பேரைத் தேர்ந்தெடுக்கும், அது 26. மீதி 44 பேர் மாமன்னரின் நியமனம், நடைமுறையில் பிரதமரின் ஆலோசனைப்படி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘நியமனம்’ என்பதை விளக்க அகராதி வேண்டாம். கங்காணியை ஆள்கள் கை தூக்கித் தேர்ந்தெடுக்கவில்லை, துரை வைத்தார். வைத்த ஆள், அவ்வளவுதான். 1957இல் நிலைமை தலைகீழ்: மாநிலங்கள் அனுப்பியவர்கள் 22, நியமனம் 16. எண்ணிக்கை இப்படிப் புரண்ட பிறகு இது மாநிலங்களின் அவை என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அதிகாரமும் குறைவுதான். பண மசோதாவை ஒரு மாதம், மற்றதை ஓராண்டு தள்ளிப்போடலாம், அதற்குமேல் முடியாது. அந்த ஓராண்டும் சில சமயம் வலிக்கும். 2018இல் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தை ரத்துசெய்ய மக்களவை நிறைவேற்றிய மசோதாவை மேலவை நிராகரித்தது, பழைய ஆட்சியில் அமர்த்தப்பட்டவர்கள் அங்கே நிறைய பேர் இருந்தார்கள். ஆட்சி மாறியும் 2019 கடைசிவரை அந்தச் சட்டம் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் ஒழித்துவிடலாமே என்றால், இங்கேயும் ஒரு சொல் சிக்கல் உண்டு. 1986இல் தமிழ்நாட்டு மேலவை ‘கலைக்கப்பட்டது’ என்றே பலரும் எழுதுகிறார்கள். கலைத்தால் தேர்தல் வைத்துத் திரும்பக் கூட்டலாம், நம் மக்களவையைக் கலைப்பது அந்த மாதிரி. அங்கே நடந்தது ஒழிப்பு, 1971இல் இலங்கை செனட்டுக்கு நடந்ததும் அதுதான்.

நான் முழு ஒழிப்புக்கு ஆள் இல்லை. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. 2019 கேமரன் மலை இடைத்தேர்தல் வரை மக்களவையில் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களில் ஒருவர்கூட இருந்ததில்லை, அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் கிடைத்த இடம் இந்த நியமனத்தால் வந்தது. ஆனால் தேர்தலில் தோற்றவருக்கு அமைச்சர் பதவி தரக் கொல்லைப்புற வாசலாகவும் அதே நாற்காலி பயன்படுகிறதே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. அரசியலமைப்பின் 45ஆவது விதியே வழி வைத்திருக்கிறது: மாநிலத்துக்கு 3 பேர் என்று கூட்டலாம், அவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம், நியமன இடங்களைக் குறைக்கலாம், எடுத்தேவிடலாம். இத்தனை வருடமாக யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. அவையை வைத்துக்கொண்டு நியமனத்தை எடுங்கள் என்பது என் கட்சி.

போன வாரம் கோயில் பேனருக்கு ‘மூதவை உறுப்பினர்’ என்று மாதிரி அடித்துக் காட்டினேன். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “என்னப்பா, வர்றவரைக் கிழவன்னு போட்டிருக்க?” செனட்டர் என்றே மாற்றி, ஆறடிக்கு நாலடியில் அடித்துக் கொடுத்தேன்.