மட் (Mutt) மின்னஞ்சல் நிரலில் இணைப்புகள்: எல்லாம் சீட்டைப் பொறுத்தது

மின்னஞ்சலோடு வரும் பிடிஎஃப் உண்மையில் தனிக் கோப்பாக வருவதில்லை. கடிதத்துக்குள்ளேயே, வெறும் எழுத்துகளாக வருகிறது. மடலின் மூல வடிவத்தைத் திறந்தால் ஜே, வி, பி, ஈ (JVBE) என்று தொடங்கி வரிவரியாக எழுத்துக் குவியல் தெரியும். எல்லாப் பிடிஎஃப் கோப்பும் சதவீதக் குறி, பி, டி (%PD) என்றே ஆரம்பிப்பதால், அந்த நான்கு எழுத்துகளும் மாறுவதில்லை.

ஏன் இந்த வேடம்? பழைய மின்னஞ்சல் நெறிமுறை 7 பிட் எழுத்துகளை, அதாவது சாதாரண ஆங்கில எழுத்துகளை, சுமக்க மட்டுமே உருவானது. 1992இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் முறை, மற்ற கோப்புகளையும் மடலில் அனுப்ப வழி செய்தது. அதில் பேஸ்64 என்ற குறியாக்கம் 3 பைட்டுகளை, அதாவது 24 பிட்டுகளை, ஆறு ஆறாகப் பிரித்து 4 எழுத்துகளாக்குகிறது. 20 எம்பி கோப்பு, மின்னஞ்சல் சேவை வைக்கும் 25 எம்பி வரம்பைத் தாண்டிவிடுவது இதனால்தான்; வழியில் அது 27 எம்பி அளவுக்கு வீங்கிவிடுகிறது.

மடலின் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அதன் வகையைச் சொல்லும் ஒரு சீட்டு இருக்கும். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் எழுத்துத் திரையில், ஓடும் மட் நிரல் அந்தச் சீட்டைப் படித்து, மெயில்கேப் என்ற கோப்பில் அந்த வகைக்கு எந்தக் கட்டளை என்று தேடும். பிடிஎஃப் என்றால் இன்ன நிரல், படம் என்றால் இன்ன நிரல் என ஆளுக்கொரு வரி. வலைப்பக்க வடிவமான ஹெச்டிஎம்எல்லுக்கு மட்டும் இரண்டு வரி எழுதுவது நல்லது. முதல் வரி உலாவியில் திறக்க. இரண்டாவது, டபிள்யூ3எம் (w3m) என்ற எழுத்துமுறை உலாவியைக் கொண்டு எழுத்தை மட்டும் உருவியெடுக்க. அதன் கடைசியில் 'காப்பியஸ்அவுட்புட்' என்ற சொல் அவசியம். மட்டின் அமைப்புக் கோப்பில் அந்த வகைக்கு 'ஆட்டோ_வியூ' போட்டிருந்தால், இந்தச் சொல் உள்ள வரியைத் தேடிப்பிடித்து மடலை அங்கேயே காட்டிவிடும்.

என்னை ஒரு மாலை முழுக்க அலைக்கழித்த சிக்கல் வேறு. பிடிஎஃப்பைத் திறந்தால் ஜன்னல் வரும், உடனே 'கோப்பு இல்லை' என்று சொல்லும். மட் இணைப்பைத் தற்காலிகக் கோப்பாக எழுதி, கட்டளையை ஓட்டி, கட்டளை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுகிறது. நான் போட்டிருந்த கட்டளையோ வேலையை இன்னொரு நிரலிடம் ஒப்படைத்துவிட்டு நொடியில் முடிந்துவிட்டது. பார்வை நிரல் வந்து சேர்வதற்குள் கோப்பு போய்விட்டது! கோப்பை வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டு அந்த நகலைத் திறக்கும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன், சரியாகிவிட்டது.

அப்புறம், சீட்டே தவறாக வருவதும் உண்டு. பிடிஎஃப்பை 'ஆக்டெட்-ஸ்ட்ரீம்', அதாவது வெறும் பைட்டுகள் என்று எழுதி அனுப்புகிறவர்கள் நிறைய. 'மைம்_லுக்அப்' என்ற அமைப்பில் அந்த வகையைச் சேர்த்துவிட்டால், மட் சீட்டை ஒதுக்கிவிட்டு கோப்புப் பெயரின் பின்னொட்டைப் (.pdf போன்றது) பார்த்து வகையை முடிவு செய்யும்.

நாமும் அப்படி அனுப்பிவிடக் கூடாது. இணைக்கும்போது எந்தப் பின்னொட்டுக்கு எந்த வகை என்று சொல்லும் மைம்.டைப்ஸ் பட்டியலில் மட் அந்தக் கோப்பின் பின்னொட்டைத் தேடுகிறது. அதில் இல்லாத பைனரி (வெறும் எழுத்தாக இல்லாத) கோப்புக்கு ஆக்டெட்-ஸ்ட்ரீம் சீட்டுத்தான் ஒட்டும். இணைப்புக்குப் பக்கத்திலேயே வகை தெரியும். தவறென்றால் கண்ட்ரோல்-டி (Ctrl-T) அழுத்தி அங்கேயே மாற்றிவிட்டு அனுப்பலாம்.