பதிவேட்டில் ‘விளக்கு – 1’

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பி.ஏ. வரலாறு முடித்தவள். “மேடம், மியூசியம் மேனேஜ்மென்ட்ல மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன். கேலரி டிசைன்னா உசுரு” என்றாள். வீட்டில், “கண்ணாடிப் பெட்டிக்குத் தூசி தட்டவா மேல்படிப்பு?” என்கிறார்களாம்.

கேலரி இருக்கட்டும்மா என்று ஒரு விளக்கின் கதையைச் சொன்னேன். ஆவணப்படுத்தும் வேலைக்கு வந்த புதிதில் ஒரு தனியார் சேகரிப்பைச் சரிபார்க்கப் போனேன். பதிவேட்டில் “பித்தளை விளக்கு – 1, சற்று உடைந்தது” என்று ஒரு வரி. அலமாரியிலோ நாலு விளக்கு, நாலுமே எங்கேயாவது உடைந்தவை. உயரம், எடை, படம், கொடுத்தவர் பெயர் எதுவும் கிடையாது. ஒன்றின் முகப்பிலேயே யாரோ மார்க்கரால் எண் போட்டு, அதுவும் பாதி அழிந்து, 3-ஆ 8-ஆ என்று புரியவில்லை. (எண்ணை அடியில், கண்ணில் படாத இடத்தில், பின்னால் நீக்கிவிடக்கூடிய பிசின் பூச்சின் மேல் எழுத வேண்டும்.) ஒன்று திருட்டுப் போனால் போலீசில் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் நியூயார்க் வியாபாரி ஒருவரிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014-ல் திருப்பிக் கொடுத்தது. திருட்டுச் சிலை என்று காட்ட உதவியது, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் இருந்த பழைய புகைப்படம். ஒரு பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாற்றைத் துறையில் ‘புரவனன்ஸ்’ என்போம். அவ்வளவு பெரிய கூடம் சறுக்கியது அதில்தான்.

இந்தப் படிப்பின் உயிர் அங்கே இருக்கிறது. இரவல் ஒப்பந்தம், காப்பீடு, பட்ஜெட், சட்டம் எல்லாம் அதைச் சுற்றித்தான். நம் பக்கம் கடைக்கால் தோண்டும்போது பழங்காசு கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் போக வேண்டும். 1878-ம் வருடத்துப் புதையல் சட்டம் அது. அவள் ஆசைப்படும் டிசைனுக்கும் கடிவாளம் உண்டு: பட்டு, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் விழக்கூடாது என்பது வழக்கம்.

எங்கே படிப்பது? பரோடா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952-லிருந்து மியூசியாலஜி, அதாவது அருங்காட்சியகவியல் துறை இருக்கிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்திலும் உண்டு. வெளிநாடு என்றால் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம்; அங்கே இந்தத் துறை 1966-ல் தொடங்கியது. ஆனால் கடன் வாங்கி விமானம் ஏறும் முன், டி.என்.பி.எஸ்.சி.யின் பழைய காப்பாட்சியர் (மியூசியம் க்யூரேட்டர்) பணி அறிவிக்கைகளைத் தேடி, கல்வித் தகுதி வரியை ஒன்றுக்கு இரண்டு தடவை படியுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொல்லியல், மானிடவியல், நாணயவியல், விலங்கியல் என்று பிரிவுகள். எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் ஃபீஸ் கட்டிவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

அவளுக்கு இரண்டு வேலை கொடுத்தேன். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தை, கூட்டமில்லாத நாளில் நிதானமாகப் பார்ப்பது. வீட்டுக் குத்துவிளக்குக்கு ஒரு பதிவு எழுதுவது; அதைப் படித்தவர் பத்து விளக்கில் அதை மட்டும் சரியாக எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. “அடியில ரெண்டு பேரு வெட்டியிருக்கு மேடம். ஒண்ணு எங்க பாட்டி. இன்னொண்ணு யாருன்னு வீட்ல யாருக்குமே தெரியல.”