லெய்ட்ரிமில் பழைய காலி வீடு: 70,000 யூரோ மானியம் வாங்குவது எப்படி

அயர்லாந்துக் குடியரசின் 26 கவுன்டிகளில் லெய்ட்ரிமில்தான் ஆள் குறைவு. மொத்தமே சுமார் 35,000 பேர். சிலேட் கூரை போட்ட பழைய கல் வீடுகள் அங்கே பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட வீடுகளைக் குடியிருக்கத் தகுந்ததாக்க, 'க்ரீ கோனிஹ' (Croí Cónaithe) என்ற அரசு நிதியிலிருந்து கவுன்டி கவுன்சில் (மாவட்ட உள்ளாட்சி) வழியாக மானியம் கிடைக்கும். திட்டம் 2022 ஜூலையில் தொடங்கியது. 2023 மே முதல் காலி வீட்டுக்கு 50,000 யூரோ வரை, இடிபாடாகிவிட்ட வீட்டுக்கு 70,000 யூரோ வரை. தீவுகளில் இது முறையே 60,000, 84,000.

வீடு 2007-க்குள் கட்டியதாகவும், விண்ணப்பிக்கும்போது இரண்டு ஆண்டாவது காலியாகவும் இருக்க வேண்டும். காலியாக இருந்ததற்கு மின்கட்டண ரசீதே நல்ல சாட்சி. யூனிட் ஓடாத மீட்டர் எந்தக் கடிதத்தையும்விடத் தெளிவாகப் பேசும். பத்திரம் இன்னும் உங்கள் பெயருக்கு வரவில்லையென்றாலும், விலை பேசிக்கொண்டிருப்பதாக உரிமையாளரோ முகவரோ எழுதிக் கொடுத்தால் விண்ணப்பிக்கலாம். மானியத்தில் சீரமைத்த வீட்டில் நீங்கள் குடியிருக்க வேண்டும், இல்லையென்றால் வாடகைக்கு விட வேண்டும். கூடுதல் 20,000-க்கு, வீடு இடிபாட்டு நிலையில் இருப்பதாகத் தகுதியுள்ள பொறியாளர் போன்ற ஒருவரின் அறிக்கை வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: சாவி கைக்கு வந்ததும் ஆள் வைத்து உடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒப்புதலுக்கு முன் செய்த வேலைக்கு ஒரு யூரோகூடக் கிடையாது. கவுன்சில் ஆள் வந்து பார்த்து, மதிப்பீட்டுச் சீட்டுகளைச் சரிபார்த்து, ஒப்புதல் கடிதம் வரும்வரை சுத்தியலைத் தொடாதீர்கள்.

வீடு கவுன்சிலின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இருந்தால் இன்னொரு படி உண்டு. தேசியக் கட்டடக்கலை மரபு அட்டவணையில் பெயர் இருப்பது மட்டும் சட்டப் பாதுகாப்பு ஆகாது. கவுன்சிலின் பட்டியல்தான் கணக்கு. அந்தப் பாதுகாப்பு முகப்போடு நிற்பதில்லை. உள்ளே உள்ள மரப்படி, ஜன்னல் மரக்கதவு, சுவர்ப்பூச்சு வரை போகும். திட்டமிடல் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்கீழ் கவுன்சிலிடம் எழுதிக் கேட்டால், எந்த வேலைக்குத் திட்ட அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று 12 வாரத்துக்குள் சொல்ல வேண்டும். இதை முதலில் வாங்கிவிடுங்கள். கூரைக்கடியில் வௌவால் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவை சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. தனி உரிமம் இல்லாமல் கலைக்கக் கூடாது.

அடுத்தது சுவர். இந்த வீடுகளின் சுவர் அரை மீட்டருக்கும் மேல் கனமான கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நடுவே இடைவெளி இல்லை, தரையின் ஈரம் மேலேறாமல் தடுக்கும் ஓதத்தடுப்பும் அடியில் இல்லை. மழை ஊறும், பிறகு காற்றில் உலரும். சுவர் பிழைப்பது அப்படித்தான். அதன்மேல் சிமென்ட் பூசினால் மயிரிழை விரிசல் வழியாக உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். உள்பூச்சு பொரிந்து உதிரும், சுவருக்குள் செருகிய உத்தரத்தின் நுனி மக்கும். சுவரில் பிளாஸ்டிக் நுரைப்பலகை ஒட்டினாலும் இதே கதி. ஆகவே ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டில் 'சுண்ணாம்புப் பூச்சு' என்றே எழுதி வாங்குங்கள். வெறும் 'பூச்சு' என்றிருந்தால் சிமென்ட் வந்து சேரும்.

சுண்ணாம்புக்குப் பனி ஆகாது. 5 டிகிரிக்குக் கீழே பூசினால் இறுகாமல் உதிர்ந்துவிடும். அயர்லாந்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் அதற்குக் காலம். மானிய வேலையை முடிக்கத் திட்டம் தொடங்கியபோது வைத்த கெடு 13 மாதம். அந்தக் கெடுவின்படி அக்டோபரில் ஒப்புதல் வந்தால் வெளிப்பூச்சுக்கு ஒரே ஒரு கோடைதான் மிஞ்சும். குளிர்காலத்தில் கூரையையும் உள்வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள கெடு தேதியைப் பார்த்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்கள் எளிதில் கிடைப்பதில்லை.

பணம் முன்கூட்டி வராது. வேலையைப் பரிசோதித்த பிறகுதான் வரும். அதுவரை செலவுக்குக் கையிருப்போ கடனோ வேண்டும். வீட்டின்மேல் கவுன்சில் பெயரில் வில்லங்கமும் ஏறும். ஐந்து ஆண்டுக்குள் விற்றால் மானியம் முழுவதையும், ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்குள் விற்றால் முக்கால் பங்கையும் திருப்பித் தர வேண்டும். 60,000 வாங்கியவர் நான்காம் ஆண்டில் விற்றால் 60,000 கட்டுவார், ஏழாம் ஆண்டில் 45,000. பத்து ஆண்டு கடந்தால் எதுவும் இல்லை.