கேமராவுக்கு நேற்றைய அம்மாவைத் தெரியாது

"சமையலறையிலும் ஒரு கேமரா மாட்டிவிடட்டுமா டாக்டர்?"

போன வாரம் ஒரு மகன் கேட்டார். அவருடைய 74 வயது அம்மா ஐ.சி.யூ.வில் அப்போதுதான் கண் திறந்திருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மாதம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

அம்மா ஊரில் தனியாக, மகன் பெங்களூரில். அன்று கிருத்திகை விரதம். இரவு சாப்பிடவில்லை, ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். கிளைபென்கிளமைடு, ஒரு நாள் முழுக்க உடம்பில் நின்று வேலை செய்யும் பழைய மாத்திரை. காலை பதினொரு மணி வரை பால் பாக்கெட் வாசலிலேயே கிடக்க, பக்கத்து வீட்டுக்காரர் சந்தேகப்பட்டுக் கதவை உடைத்திருக்கிறார். 70க்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டிய சர்க்கரை, இங்கே வந்தபோது 34. ஹாலில் இருந்த கேமரா ராத்திரி முழுக்க வெறும் சோபாவைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

"தினமும் வீடியோ கால் பேசறேன் டாக்டர், நேத்துகூட நல்லாத்தான் இருந்தாங்க."

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வீடியோ காலில் எல்லா அம்மாக்களும் நல்லாத்தான் இருப்பார்கள். ஏழு மணிக்குப் பிள்ளை கூப்பிடுவான் என்று ஆறரைக்கே முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்து, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். "சாப்டியாம்மா?" என்றால் "ஆச்சுப்பா". பத்து நிமிடம் தெம்பாகப் பேச யாராலும் முடியும். எழுந்து நடக்கையில் சுவரைப் பிடிப்பது, குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவது, ராத்திரி நான்கு முறை பாத்ரூம் போவது, மாத்திரை அட்டையில் மூன்று நாள் மாத்திரை அப்படியே இருப்பது, இதெல்லாம் கூட இருப்பவர் கண்ணில்தான் படும்.

அதே வாரம் 78 வயதுத் தாத்தா ஒருவர் வந்தார். மகனும் வந்திருந்தார், ஆனால் பேசியதெல்லாம் பத்தாவது படிக்கும் பேத்திதான். "முந்தாநாள் கேரம்ல என்னை ஜெயிச்சார் டாக்டர். இன்னிக்குக் காலைல என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிடறார்." அப்பா, "வயசாச்சு, மறதி..." என்று இழுத்தார். அவள் விடவில்லை. பரிசோதித்தால் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, ரொம்பவே இறங்கி 114. பி.பி.க்குக் கொடுத்திருந்த, நீர் பிரிய வைக்கும் மாத்திரை செய்த வேலை. அதை நிறுத்தி, சோடியத்தை மெதுவாக ஏற்றினோம் (அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கு வேறு கேடு வரும்). ஐந்தாம் நாள் பேத்தியைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சண்டை போட்டார்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் மறதி வேறு, இரண்டு நாளில் வரும் குழப்பம் வேறு. இரண்டாவதற்கு வயதைக் காரணம் சொல்லாதீர்கள், உடனே கூட்டி வாருங்கள். "நேற்று எப்படி இருந்தார்?" என்று நான் கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். பக்கவாதத்திலும் இதே கதைதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தனியாகப் படுத்தவரைக் காலையில் வாய் கோணிய நிலையில் பார்த்தால், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று யாரைக் கேட்பது?

சேர்ந்திருந்தால் பெரியவர்களுக்கு மட்டும்தான் லாபம் என்பதில்லை. பாட்டி குழந்தையை வாங்கிக்கொள்ளும் வீட்டில் பிள்ளை பெற்றவள் இரண்டு மணி நேரமாவது தூங்குகிறாள். வசம்பு உரசி நாக்கில் தடவுவதை மட்டும் விட்டுவிடுங்கள் பாட்டி, கெஞ்சிக் கேட்கிறேன்.

மாமியார் மருமகள் சண்டை எனக்கும் தெரியும். ஒரே அடுப்பு என்று சொல்லவில்லை. மாடியும் கீழுமாக இருங்கள், அடுத்த தெருவில் இருங்கள். ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள், போதும்.

சேர்ந்திருப்பவர்களுக்கு: தாத்தாவின் மாத்திரை டப்பா டிவி ஸ்டாண்டில் இருக்கக் கூடாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரே ஒரு சுகர் மாத்திரை போதும், உயிருக்கே ஆபத்து. பெரியவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். பேரன் அவர் மடியில்தானே தூங்குகிறான்?

விரதம் இருப்பதானால் மாத்திரையை என்ன செய்வது என்று முந்தின நாளே கேளுங்கள். சர்க்கரை இறங்கி வியர்த்துப் படபடத்தால், நினைவு இருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரை கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

வேலை வெளியூரில், வேறு வழியே இல்லை என்கிறீர்களா? சரி. போனில் "சாப்டியா" என்று கேட்காதீர்கள், "என்ன குழம்பு" என்று கேளுங்கள். மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி, நடையைக் கவனியுங்கள். அப்புறம், வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். போன வாரம் அந்தக் கதவை உடைக்கவே இருபது நிமிடம் ஆனதாம்.