கிளாம்ப்பைக் கழற்றியதும் வளைவது ஏன்?

"நானே வடிவமைத்த ஸ்போர்ட்ஸ் காருக்கு, சேஸியின் பக்கச்சட்டத்தை ஒரே அலுமினியப் பலகையில் மில்லிங் செய்தேன். மெஷின்மேல் இருந்தவரை அளவு கச்சிதம். கிளாம்ப்பைக் கழற்றியதும் இரு முனைகளும் தூக்கிக்கொண்டன. மெஷினில் கோளாறா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

மெஷினைச் சந்தேகிக்க வேண்டாம். பலகை வரும்போதே உள்ளுக்குள் இழுபறியோடுதான் வந்திருக்கிறது.

சேஸிக்குப் பலரும் எடுப்பது 6061 கலவை. அலுமினியத்தோடு கொஞ்சம் மெக்னீசியம், சிலிக்கன். ஏறக்குறைய 530 டிகிரி செல்சியஸில், அலுமினியம் உருகாமலேயே, அவற்றை அதற்குள் கரையவைத்து, பலகையைச் சட்டென்று நீரில் குளிர்விப்பார்கள். வெளித்தோல் முதலில் சுருங்கி இறுகிவிடும். உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்க வரும்போது தோல் இடம் கொடுப்பதில்லை. முடிவில் தோல் அமுங்கியும் நடு இழுபட்டும் நிற்கும். இப்படி உள்ளேயே தங்கிவிடும் விசைதான் எஞ்சிய தகைவு. இரண்டும் ஈடுகட்டிக்கொள்வதால் பலகை தட்டையாகவே தெரியும். நீங்கள் மேல்தோலைச் சீவியதும் அந்தக் கணக்கு உடைகிறது. கீழ்த்தோல் விரியப் பார்க்கும், மேலே வெளிப்பட்ட நடுப்பகுதி சுருங்கப் பார்க்கும். முனைகள் எழாமல் என்ன செய்யும்?

இதற்கான மருந்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. நீரில் குளிர்வித்த பலகையின் இரு முனைகளையும் பற்றி, சுமார் 2 சதவீதம் நீளும்படி இழுப்பார்கள். 3 மீட்டர் பலகை என்றால் 6 சென்டிமீட்டர்! ஏற்கெனவே இழுபட்டிருந்த நடு அடுக்கு முதலில் மீட்சி எல்லையை, அதாவது விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும் எல்லையை, தாண்டுகிறது. தாண்டியபின் எவ்வளவு நீட்டினாலும் அதன் தகைவு பெரிதாக ஏறாது. அமுங்கியிருந்த தோல் பின்னாலேயே வந்து அதே எல்லையைத் தாண்டுகிறது. இப்போது எல்லா அடுக்குகளும் ஏறத்தாழ ஒரே தகைவில். விட்டதும் சேர்ந்தே சுருங்குகின்றன, இழுபறி பெருமளவு தீர்ந்துவிடுகிறது. பலகையின் பெயரில், வெப்பப் பதப்படுத்தலைக் குறிக்கும் டி6-ஐ அடுத்து வரும் 51 இந்த இழுப்பைத்தான் குறிக்கிறது. இழுத்தபின், முதலில் கரையவைத்ததைவிடக் குறைந்த சூட்டில் சில மணி நேரம் வைத்து வலுவேற்றுவார்கள்.

பலகையை மாதக்கணக்கில் வெயிலில் போட்டுவைத்தால் தானே சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வெயில் சூடு இந்தத் தகைவைத் தீர்க்கப் போதாது. உலோகவியல் ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான். இப்படியொரு எளிய இழுப்பு எத்தனையோ பாகங்களைக் கழிவுத் தொட்டியிலிருந்து காப்பாற்றுகிறது.

அடுத்த முறை டி651 என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் மிச்சம் இருக்கும். எனவே இரு பக்கமும் மாறி மாறிச் சீவி, ஓரிரு மில்லிமீட்டர் விட்டுவையுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி, வளைகிறவரை வளையவிடுங்கள். அடியில் இடைவெளி தெரிந்தால் ஷிம் என்னும் மெல்லிய தகட்டைச் செருகி, லேசாகப் பிடித்துக் கடைசிச் சீவலை ஓட்டுங்கள்.