வாயில் தும்பியோடு காத்திருக்கும் பஞ்சுருட்டான்

சிறுபோகம் தொடங்கிக் குளங்களில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் என் போனுக்கு இரண்டு வகைப் படங்கள் வரும். ஒன்று, முட்கம்பியில் இருக்கும் பச்சைப் பஞ்சுருட்டான், தும்பியைக் கவ்வியபடி கமராவை நேரே பார்க்கும் படம். மற்றது, உவர்த்தரையில் ஒரு சின்னக் குருவி இறக்கையை விரித்து, உடம்பைச் சரித்து, தரையோடு இழுபடும் படம். "அண்ணை, எப்பிடி இருக்கு?" என்று கீழே ஒரு வரி.

கல்யாண வீட்டுப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டு மிச்ச நேரத்தில் பறவை பார்க்கிறவன் நான். ஒளி, ஃபோகஸ் பற்றி ஏதாவது சொல்லுவேன் என்று தம்பிமார் எதிர்பார்ப்பார்கள். ஒளியெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு படத்திலும் இருப்பது படமெடுப்பவரைக் கண்டு பயந்துபோன குருவி.

பஞ்சுருட்டானை முதலில் பார்ப்போம். வன்னியில் அதற்கு வீட்டுக்குப் பஞ்சமில்லை. கிரவல் அகழ்ந்த கிடங்கின் சுவர், வாய்க்கால் கரை, மணல்மேடு என்று எங்கே நிமிர்ந்த மண் கிடைத்தாலும் அலகால் குடைந்து, உள்ளே நீளமாகப் பொந்து போட்டுவிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், இரண்டும் சேர்ந்து இரை கொண்டுவரும். இரையோடு வருகிற குருவி கம்பியில் கொஞ்சம் இருந்து, அக்கம்பக்கம் பார்த்து, சட்டென்று பொந்துக்குள் போய்விட வேண்டும். போகாமல் தும்பியோடு அங்கேயே இருக்கிறது, வாலை ஆட்டுகிறது, பொந்துப் பக்கம் பறந்து பாதியில் திரும்புகிறது என்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் வாசலைக் காட்டிக்கொடுக்க அதற்கு மனமில்லை. உள்ளே குஞ்சுகள் பசியோடு கிடக்கும்.

இது என் ஊகம் மட்டுமல்ல. புனேயைச் சேர்ந்த மிலிந்த் வாட்வேயும் அவரோடு சேர்ந்தவர்களும் இதே பறவையை வைத்துச் செய்த ஆய்வு 2002 இல் வெளிவந்தது. பொந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஆள் நின்றால் குருவி உள்ளே போகத் தயங்குகிறது. பொந்து தெரியாதபடி ஏதாவது மறைக்கும் இடத்தில் நின்றால் அவ்வளவு தயங்குவதில்லை. அதாவது நாங்கள் எவ்வளவு கிட்ட நிற்கிறோம் என்பதோடு, எங்களுக்கு என்ன தெரிகிறது என்பதையும் அது கணக்கில் எடுக்கிறது. சின்னத் தலைக்குள் பெரிய கணக்குத்தான்.

படமெடுக்கிறவருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? பொந்தை விட்டுவிடுங்கள். கிடங்கின் மறுபக்கம், வாசல் தெரியாத இடத்தில் இருந்துகொண்டு, குருவி இரையோடு வரும் வழியில் வழக்கமாக இருக்கிற கம்பியையோ பட்ட கொப்பையோ பார்த்து லென்சைத் திருப்புங்கள். வந்து, இருந்து, போகும். படத்தில் பறவையும் இரையும் இருக்கும், மண் ஓட்டை இருக்காது. அந்த ஓட்டை இல்லாததால் குறைந்துபோன படம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இழுபடும் குருவியின் கதை இன்னும் மோசம். மன்னார்க் கரையோரத்தில் உவர் வெளியில் முட்டையிடும் அனுமன் உப்புக்கொத்தி அது. தனி இனம் என்று 2023 இல்தான் ஆய்வாளர்கள் பிரித்துச் சொன்னார்கள். இராமர் பாலத்தை நினைத்து வைத்த பெயர். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை, மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மண் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டைகள். ஆள் கிட்ட வந்தால் தாய் எழும்பி, இறக்கை முறிந்ததுபோல் நடித்து ஆளைத் தூரக் கூட்டிக்கொண்டு போகும். ஆட்களும் படமெடுத்துக்கொண்டே பின்னால் போவார்கள்.

அந்த நேரத்தில் வெறுந்தரையில் முட்டை வெயிலில் கிடக்கிறது. இந்தப் பறவைகள் பகலில் முட்டையில் இருப்பது பாதிநேரம் சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. ஆட்காட்டிக் குருவி வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதைத் தரவையில் மாடு மேய்ப்பவர்களே கண்டிருப்பார்கள். மதிய வெயிலில் கொஞ்ச நேரம் தாய் எழும்பி நின்றாலே உள்ளிருக்கும் கரு செத்துப்போகலாம். இன்னொன்று, காகம். மனிதர் குனிந்து எதையோ பார்க்கிற இடத்தை அது குறித்துவைத்துக்கொள்ளும். நாங்கள் போனபிறகு வந்து பார்க்கும்.

எத்தனை மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். ஒரே எண் கிடையாது. குருவி செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினால் கிட்டப் போய்விட்டீர்கள், வந்த வழியே திரும்புங்கள். 400 மில்லிமீற்றர் லென்ஸ் எட்டவில்லையா, குருவியைச் சிறிதாக வைத்து வெளியைப் பெரிதாக எடுங்கள். காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கி எடுப்பது நல்லது. வாகனத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாத பறவை, கதவு திறந்து கால் கீழே வைத்ததும் எழும்பிவிடும். காலை எட்டரை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்; அதற்குப் பிறகு கானல் அலையில் படமும் தெளியாது.

கூட்டை மறைக்கும் புல்லைப் பிடுங்குவது, போனில் குருவியின் குரலைப் போட்டுக் கூப்பிடுவது, மேலே ட்ரோன் விடுவது இதெல்லாம் கூடவே கூடாது. முட்டையை எடுப்பது 1937 ஆம் ஆண்டு வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகளும் சேரும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு பற்றைக்குள் பின்னால் நடக்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை முகமாலைப் பக்கம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மாடு போகிற தடம், ட்ராக்டர் போகிற பாதை, அதற்கு வெளியே ஊரவரிடம் கேட்காமல் கால் வைக்கக் கூடாது.

கடைசியாகப் படத்தைப் பகிர்வது. போன் கமராவில் இடக்குறிப்பு வசதியை நிறுத்திவையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு கழன்றுவிடும், ஆனால் தரம் குறையக்கூடாது என்று டொக்கியுமென்டாக அனுப்பினால் கூடவே போகும். முகநூலில் குளத்தின் பெயர், கிடங்கின் பெயர் போடவேண்டாம், மாவட்டம் போதும். யாராவது உள்பெட்டியில் வந்து "எந்த இடம் அண்ணை?" என்று கேட்டால், குஞ்சு பறந்தபிறகு சொல்கிறேன் என்று எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன், சிலருக்குக் கோபம்தான்.