வாய்நல அளவாய்வு: சொல் விளக்கம்

ஒரு நாட்டு மக்களின் பல், ஈறு, நாக்கு எந்த நிலையில் இருக்கின்றன என்று வயதுவாரியாகப் பார்த்துப் பதிவு செய்வதை 'ஓரல் ஹெல்த் சர்வே' என்கிறார்கள். தமிழில் இதைப் பல் கணக்கெடுப்பு என்றும், வாய்ச் சுகாதார ஆய்வு என்றும் எழுதுகிறோம். இரண்டிலுமே ஏதோ ஒன்று விடுபட்டுப்போகிறது. நான் எழுதுவது வாய்நல அளவாய்வு.

முதலில் 'சர்வே'. லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேல், 'விடேரே' என்றால் பார்த்தல். இரண்டும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'மேலிருந்து முழுவதுமாகப் பார்ப்பது' என்ற பொருளில் ஒன்றாயின. நமக்கு சர்வே என்றதும் நிலம்தான் நினைவுக்கு வரும்: சர்வே எண், சர்வே கல். அதனால் பார்ப்பது என்ற பொருள் மங்கி, அளப்பது என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது.

'கணக்கெடுப்பு' ஏன் சரிவராது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் விடாமல் எண்ண வேண்டும். இங்கே அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனம் 1971இல் முதலில் வெளியிட்டு, 2013இல் ஐந்தாம் பதிப்பாகத் திருத்திய கையேடு, நாடு முழுவதற்குமாகச் சில இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வயதுக்கு 25 முதல் 50 பேரைப் பார்த்தால் போதும் என்கிறது. எண்ணுவதைவிட நுணுகிப் பார்ப்பதுதான் இங்கே வேலை. அதற்குத் தமிழில் 'ஆய்தல்' இருக்கிறது. தொல்காப்பியம் உரியியலில் இந்தச் சொல்லுக்கு 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் சொல்கிறது. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பதையும் ஆய்வது என்றே சொல்கிறோம். அளவும் ஆய்வும் சேர்ந்தால் அளவாய்வு. சொல்லுக்குள்ளேயே செய்முறை வந்துவிடுகிறது.

அந்தச் செய்முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறார். மருத்துவர் கையில் ஒரு சிறு கண்ணாடியும் ஓர் ஆய்வுக்கோலும் இருக்கின்றன. கோலின் நுனியில் 0.5 மி.மீ. குண்டு. அதற்கு மேலே 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டை. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே கோலை மெல்ல இறக்கும்போது பட்டை எவ்வளவு மறைகிறது என்பதை வைத்துத்தான் ஈற்றுப் பையின், அதாவது ஈறு பல்லைவிட்டு விலகிய இடைவெளியின், ஆழத்தைச் சொல்கிறார்கள். பிறகு பல் பல்லாக எண்ணைச் சொல்லிக்கொண்டே போகிறார், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார். 0 என்றால் நல்ல பல், 1 சொத்தை, 3 சொத்தையில்லாமல் அடைத்த பல், 4 சொத்தையால் போன பல். பால்பல்லாக இருந்தால் எண்ணுக்குப் பதில் எழுத்து. எக்ஸ்ரே கிடையாது, கண்ணும் கோலும்தான்.

இதிலிருந்து வருவதுதான் 'டி.எம்.எஃப்.டி.' என்ற குறியீடு. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் க்ளைன், பால்மர் ஆகியோர் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது உருவாக்கியது. சொத்தையான பல், இழந்த பல், அடைத்த பல் மூன்றையும் கூட்டுவார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு சொத்தை, பிடுங்கியது ஒன்று, அடைத்தது ஒன்று என்றால் எண் 4. தமிழில் 'சொத்தை-இழப்பு-அடைப்பு எண்' என்று எழுதினால் யாருக்கும் புரியும். சொத்தை என்ற சொல்லை 'பற்சிதைவு' என்று மாற்றவும் தேவையில்லை. மூலச் சொல்லான லத்தீன் 'கேரிஸ்' என்பதற்கும் அழுகல் என்றுதான் பொருள். தவிர்க்க வேண்டியது 'பூச்சிப்பல்'தான். பல்லை அரிப்பது பூச்சியல்ல, சர்க்கரையைத் தின்று கிருமிகள் வெளியிடும் அமிலம். பூச்சி என்று சொல்லிச் சொல்லியே அந்த உண்மை மறைந்துபோகிறது.

வயதுகளும் சும்மா எடுத்தவை அல்ல. 5, 12, 15, 35–44, 65–74 என்று ஐந்து பிரிவுகள். ஐந்தில் பால்பற்களின் நிலை தெரியும். பன்னிரண்டில் ஞானப்பல் தவிர நிரந்தரப் பற்கள் எல்லாம் அநேகமாக வந்துவிடும், பிள்ளைகளும் பள்ளியில் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது இந்த வயதை வைத்துத்தான்.

அப்புறம் 'வாய்நலம்'. சுகாதாரம் என்றால் பல் தேய்ப்பது, கொப்பளிப்பது போன்ற தூய்மை என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பல்நலம் என்றாலோ ஈறும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வெளியே நின்றுவிடும். வாயில் ஆறாத புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த அளவாய்வின் பகுதிதான். அதனால் வாய்நலம்.

கடைசியாக ஒரு சொல்: 'எடென்டுலஸ்'. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1968இல் நடந்த அளவாய்வில் பெரியவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாயில் ஒரு சொந்தப் பல்கூட இல்லை. 2009இல் இங்கிலாந்தில் அது 6 சதவீதம். இவர்களைத் தமிழில் எப்படிக் குறிப்பது? பொக்கை வாய் என்பது அழகான சொல், ஆனால் பல் முளைக்காத குழந்தைக்கும் அதையே சொல்கிறோம். 'பல்லற்றோர்' என்றாலும் அதே சிக்கல். அட்டவணையில் 'பல் அனைத்தும் இழந்தோர்' என்றே எழுதுவேன். சற்று நீளம்தான். ஆனால் இருந்தது போனது என்பதை அதுதான் சொல்கிறது.